பழைய ஷூட்டர் கேபினெட்: விமானம் சொல்பேச்சு கேட்காவிட்டால் எங்கே தேடுவது

"கேம் ரொம்பக் கஷ்டமாகிவிட்டது." காசு போட்டு ஆடும், செங்குத்தாகத் திரை உருளும் பழைய ஷூட்டர் (விமானத்தை ஓட்டிச் சுடும் ஆட்டம்) கேபினெட்டுகளைப் பழுது பார்க்கப் போனால் பெரும்பாலும் முதலில் காதில் விழுவது இதுதான். ஜாய்ஸ்டிக்கில் ஒரு சுவிட்ச் போய்விட்டது என்று யாரும் சொல்வதில்லை. ஆடுபவருக்குத் தெரிவதெல்லாம் தான் செத்துக்கொண்டே இருப்பது மட்டும்தான். தினமும் ஒரே கேபினெட்டில் ஆடிய பையன் ஒருவன், திரையின் வலது பாதியிலேயே முழு ஆட்டத்தையும் ஓட்டப் பழகியிருந்தான். ஏன் என்று கேட்டேன். "லெஃப்ட் போனா திரும்பி வர முடியாதுண்ணா" என்றான். பலகையைத் திறந்து பார்த்தால் வலது மைக்ரோசுவிட்சில் மாட்டிய கிளிப் தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிட வேலை.

அதனால் தலைப்புகளை ஆடுபவர் சொல்லும் வார்த்தைகளிலேயே வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முன்னால், பர்ஸைக் கடிக்கும் காரணம் பின்னால்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், இருமுனையிலும் முதலை கிளிப் உள்ள ஒரு வயர், பென்சில் அழிக்கும் ரப்பர், ஐசோப்ரொபைல் ஆல்கஹால், டார்ச். போர்டின் (ஆட்டம் ஓடும் சர்க்யூட் பலகை) கனெக்டரைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் மின்சாரம் அணைந்திருக்க வேண்டும். தலைகீழாக மாட்டிவிட்டால் போர்டே போய்விடலாம். ஜாமா கனெக்டரில் (போர்டைக் கேபினெட்டோடு இணைக்கும் பொது முறை) 7ஆம் இடத்தில் இருக்கும் தடுப்பு அதற்காகத்தான். அது விழுந்துபோன கனெக்டர் என்றால், எந்தப் பக்கம் மேலே என்று மார்க்கரில் எழுதி வையுங்கள்.

## முதல் கேள்வி: இது பழுதுதானா?

கருவியை எடுக்கும் முன் ஒரு காசு போட்டு நீங்களே ஆடிப் பாருங்கள். பாதிப் புகார் இங்கேயே முடிந்துவிடும்.

### "இரண்டாவது பட்டன் திடீரென்று வேலை செய்வதில்லை"

1984இல் வந்த கேப்காமின் '1942' ஆட்டம் என்றால், அது விமானம் குட்டிக்கரணம் அடிக்கும் பட்டன். அதற்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. தீர்ந்தால் பட்டன் மௌனமாகிவிடும். புது ஆட்டம் தொடங்கி முதல் நொடியிலேயே அழுத்துங்கள். விமானம் புரண்டால் பட்டனில் குறையில்லை. நாம்கோவின் ஜீவியஸில் அந்தப் பட்டன் தரைக்குக் குண்டு போடும். ஒரு குண்டு விழுந்து வெடிக்கும்வரை அடுத்தது போகாது. படபடவென்று அடித்துவிட்டுப் பாதிதான் போகிறது என்றால் மெஷின் என்ன செய்யும்?

### "சுடும் வேகம் ஒரு நேரம் அதிகம், ஒரு நேரம் குறைவு"

பல பழைய ஷூட்டர்களில் ஒரே நேரத்தில் திரையில் இருக்கக்கூடிய நம் குண்டுகளுக்கு உச்சவரம்பு உண்டு. குண்டு எதிலாவது பட்டாலோ திரையைத் தாண்டினாலோதான் அடுத்ததற்கு இடம். எதிரியை ஒட்டி நின்று சுட்டால் வேகமாகவும், தூரத்திலிருந்து சுட்டால் தயங்கியும் போவது அதனால்தான். பட்டனை மாற்றிப் பயனில்லை.

### "ஸ்டேஜ் எண் குறைந்துகொண்டே போகிறது", "எனர்ஜி தானாகக் கரைகிறது"

'1942' ஆட்டத்தில் ஸ்டேஜ் 32இலிருந்து கீழ்நோக்கித்தான் எண்ணும். அடுத்து வந்த '1943' ஆட்டத்தில் உயிர்களுக்குப் பதில் எனர்ஜிப் பட்டை. அடி வாங்காவிட்டாலும் அது குறைந்துகொண்டுதான் இருக்கும்.

### "செத்தால் சில சமயம் பின்னால் போகிறது, சில சமயம் முன்னால் போகிறது"

ஜீவியஸில் ஒரு பகுதியின் 70 சதவீதத்தைத் தாண்டிச் செத்தால் அடுத்த பகுதியிலிருந்து தொடங்கும். அதற்குள் செத்தால் அதே பகுதியை முதலிலிருந்து ஆட வேண்டும். 16ஆம் பகுதி முடிந்தால் 7ஆம் பகுதிக்குத் திரும்பும் என்பதால், பழைய நிலப்பரப்பு மறுபடி வருவதும் கோளாறில்லை. சுழன்றுகொண்டே இறங்கும் அந்த உலோகப் பலகைகளை 256 தடவை சுட்டால் உடையும் என்று அந்தக் காலத்திலேயே ஒரு வதந்தி உண்டு. உடையாது. அதற்காக ஃபயர் பட்டனைக் குத்திக் குத்திப் பாழாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

### "அணைத்துப் போட்டால் ஹை ஸ்கோர் போய்விட்டது"

1980களின் பெரும்பாலான போர்டுகளில் ஸ்கோரைச் சேமிக்க எதுவுமே கிடையாது. போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

## விமானம் ஒரு பக்கம் போக மறுக்கிறது

அதிகம் வரும் கோளாறு இது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கண்ட்ரோல் பலகையைத் தூக்கி, ஜாய்ஸ்டிக்கின் அடிப்பக்கம் தெரியும்படி வையுங்கள். நான்கு மைக்ரோசுவிட்சுகள் இருக்கும். பலகைக்கு மேலே தண்டை இடப்பக்கம் தள்ளினால், அடியில் அதன் வால் வலப்பக்கம் போய் அங்கிருக்கும் சுவிட்சைத்தான் அழுத்தும். அதாவது "இடது" சுவிட்ச் வலது பக்கம் உட்கார்ந்திருக்கும். இது தெரியாமல் நல்ல சுவிட்சைக் கழற்றி எறிந்தவர்களில் நானும் ஒருவன்.

### ஒரே ஒரு திசை மட்டும் இல்லை

முதலில் காதால் சோதியுங்கள். மெதுவாகத் தள்ளினால் ஒவ்வொரு திசையிலும் "டிக்" என்று கேட்க வேண்டும். கேட்கவே இல்லை என்றால் தண்டின் வால் சுவிட்சை எட்டவில்லை: அடியில் உள்ள சிறு வளையம் கழன்றிருக்கும், அல்லது சுவிட்சைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் முள் உடைந்திருக்கும்.

"டிக்" கேட்கிறது, விமானம் அசையவில்லை. இப்போது கிளிப்புகளை ஒவ்வொன்றாக விரலால் அசைத்துப் பாருங்கள். எளிதாகக் கழன்று வந்தால் மூக்குக் குறட்டால் லேசாக நெருக்கி மறுபடி செருகுங்கள். அப்போதும் அசையவில்லையா? ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே முதலை கிளிப் வயரை எடுத்து, அந்த சுவிட்சின் பொதுக் காலையும் (கறுப்பு கிரவுண்டு வயர் வரும் கால்) சிக்னல் வயர் மாட்டிய காலையும் இணையுங்கள். 5 வோல்ட் சமாச்சாரம்தான், ஷாக் அடிக்காது. ஆனால் கை கண்ட்ரோல் பலகையைத் தாண்டி உள்ளே போகக் கூடாது.

விமானம் நகர்ந்தால் சுவிட்ச் செத்தது. புதிதாக ஒன்று மாட்டுங்கள். சுத்தம் செய்து ஓட்டலாம் என்று உட்கார்ந்தால் இரண்டு வாரத்தில் திரும்ப வரும். நகராவிட்டால் சுவிட்சைப் பழிக்க வேண்டாம், வயரைத் தொடர்ந்து போர்டுப் பக்கம் போக வேண்டும்.

ஜாமா போர்டு என்றால் முதல் ஆட்டக்காரரின் முனைகள் வரிசையாக இருக்கும்: 18 மேல், 19 கீழ், 20 இடது, 21 வலது, 22 ஃபயர், 23 இரண்டாம் பட்டன். மீட்டரின் கறுப்பு முனையைப் போர்டின் கிரவுண்டில் வைத்து, கனெக்டர் போர்டைக் கடிக்கும் இடத்தில் அளவெடுங்கள். சும்மா இருக்கும்போது ஏறத்தாழ 5 வோல்ட், தண்டைத் தள்ளும்போது பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும்.

தள்ளினாலும் 5இலேயே நின்றால், நடுவில் வயர் அறுந்திருக்கிறது. அரைகுறையாக 1, 2 வோல்ட் வரை மட்டும் இறங்கினால் கிரவுண்டு வயரிலோ சுவிட்சிலோ துருவேறிய தொடர்பு. ஒழுங்காகப் பூஜ்யத்துக்கு வந்தும் விமானம் அசையாவிட்டால், கனெக்டரை எடுத்துப் போர்டின் தங்க நிறப் பட்டைகளை ஆல்கஹாலில் துடைத்து, அழுக்கு விடாப்பிடியாக இருந்தால் ரப்பரால் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் போர்டில் உள்ளீட்டை வாங்கும் சில்லு போயிருக்கிறது. சால்டரிங் கைவந்தவரிடம் கொடுக்க வேண்டிய இடம் இது.

ஜீவியஸும் 1942ம் ஜாமா வருவதற்கு முந்தியவை. அவற்றை ஜாமா கேபினெட்டில் ஓட்டினால் நடுவில் ஒரு அடாப்டர் இருக்கும். போர்டைச் சந்தேகிக்கும் முன் அடாப்டரின் சால்டர் புள்ளிகளை டார்ச் அடித்துப் பாருங்கள். நான் பார்த்த அடாப்டர்களில் சரிபாதி கையால் செய்தவை.

### பல திசையும் பட்டனும் சேர்ந்தே போய்விட்டன

கிரவுண்டு வயர். பந்திக்கு இலை போடுவது மாதிரி ஒரே கறுப்பு வயர் ஒவ்வொரு சுவிட்சாகத் தாவித் தாவிப் போகும். நடுவில் ஓரிடத்தில் கழன்றால் அதற்குப் பிறகு உள்ளவர்கள் எல்லோரும் பட்டினி. வேலை செய்யும் கடைசி சுவிட்சுக்கும் செய்யாத முதல் சுவிட்சுக்கும் இடையில்தான் அறுந்திருக்கும்.

### மூலைவாட்டில் மட்டும் போகவில்லை

புதிர்ப்பாதை (மேஸ்) வகை ஆட்டத்துக்கான நான்கு திசை ஜாய்ஸ்டிக்கை யாரோ மாட்டியிருக்கிறார்கள், அல்லது அடியில் உள்ள தடுப்புத் தட்டு நான்கு திசை நிலையில் இருக்கிறது. பல ஜாய்ஸ்டிக்குகளில் அந்தத் தட்டைத் திருப்பிப் போட்டால் எட்டுத் திசையாகிவிடும். செலவே இல்லை. குண்டுமழையில் மூலைவாட்டில் நழுவ முடியாதவன் சாகத்தான் செய்வான், "கேம் கஷ்டம்" புகாரில் இதுவும் அடக்கம்.

### விமானம் தானாக ஒரு பக்கம் ஓடுகிறது

சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கலாம். புதிதாக மாட்டிய உடனேயே இப்படி என்றால் கிளிப்பைத் தவறான காலில் மாட்டியிருக்கிறீர்கள்: மைக்ரோசுவிட்சில் மூன்று கால்கள் உண்டு, அதில் ஒன்று அழுத்தாதபோது இணைந்திருக்கும் கால். அந்தத் திசையின் கிளிப்பைக் கழற்றியும் ஓட்டம் நிற்காவிட்டால் வயர் எங்கோ நசுங்கி உலோகத்தைத் தொடுகிறது, இல்லையென்றால் போர்டின் உள்ளீட்டுச் சில்லு.

## குண்டு விட்டுவிட்டுப் போகிறது

பட்டனும் ஒரு சுவிட்ச்தான், மேலே சொன்ன அதே சோதனை. கூடுதலாக ஒன்று: ஷூட்டர் கேபினெட்டில் ஃபயர் பட்டன் மற்ற எல்லாவற்றையும்விடப் பல மடங்கு அடி வாங்கும். அதனால் அதை மட்டும் தேய்மானப் பொருளாக நினைத்து, ஒன்றிரண்டு உபரி வாங்கி உள்ளேயே ஒரு பையில் தொங்கவிடுங்கள். பட்டன் சுற்றி இறுக்கும் மரை தளர்ந்து சாய்ந்தாலும் பாதி அழுத்தல் வீணாகும், அதையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

ஆட்டோஃபயர் சர்க்யூட் (பட்டனை அழுத்திப் பிடித்தாலே தொடர்ந்து சுட வைப்பது) யாராவது சேர்த்திருந்தால் அதைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். வேகம் பொருந்தாவிட்டால் அதுவே குண்டை விழுங்கும்.

## நிஜமாகவே கஷ்டமாகிவிட்டது: உயிர் குறைவு, எதிரிகள் ஆவேசம்

கண்ட்ரோல் எல்லாம் சரி, ஆனாலும் மூன்று உயிருக்குப் பதில் ஒன்று வருகிறது, போனஸ் விமானம் வருவதில்லை. போர்டில் இருக்கும் டிப் சுவிட்ச் (ஆட்டத்தின் அமைப்புகளை மாற்றும் சின்னச் சுவிட்சுகள்) வரிசையைப் பாருங்கள். பழைய நிலையைப் போட்டோ எடுத்துவிட்டு, மின்சாரத்தை அணைத்து, ஒவ்வொன்றையும் பத்துத் தடவை முன்னும் பின்னும் தள்ளி அதே நிலைக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே ஆக்ஸைடு படிந்தால் "ஆன்" என்று காட்டும் சுவிட்ச் உண்மையில் "ஆஃப்" ஆக இருக்கும். பல போர்டுகள் தொடங்கும்போது மட்டுமே இதைப் படிக்கும் என்பதால், மாற்றிய பின் அணைத்துப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஆட ஆட மட்டும் எதிரிகள் முரடாகிறார்கள் என்றால், அது ஆட்டத்தின் குணமாக இருக்கலாம். ஜீவியஸ் ஆடுபவரின் திறமையைப் பார்த்து எதிரிகளை ஏற்றி இறக்கும். 1996இல் வந்த பேட்டில் கரேகாவில் அதிகம் சுடுவதே எதிரிகளை உசுப்பிவிடும்.

## எதிரிக் குண்டு கண்ணுக்குத் தெரியவில்லை

கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் நியாயமான புகார். ஒரு நிறம் போய்விட்டால், அந்த நிறத்தில் இருக்கும் குண்டுகள் பின்னணியில் கரைந்துவிடும். கடல் இருக்கிறது, தீவு இருக்கிறது, குண்டு மட்டும் இல்லை.

ஜாமாவில் 12 சிவப்பு, 13 நீலம், மறுபக்கத்தில் 'என்' பச்சை. முதலில் கனெக்டரைத் துடைத்து அமுக்கிப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் இடமாற்றுச் சோதனை: எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, போர்டின் கனெக்டர் பக்கத்தில் சிவப்பு வயரையும் பச்சை வயரையும் இடம் மாற்றி மாட்டிப் போடுங்கள். மாற்றிய பின்னும் திரையில் அதே நிறம்தான் இல்லையென்றால் வயரிலோ மானிட்டரிலோ கோளாறு. இல்லாத நிறம் மாறிவிட்டால் போர்டு.

## படம் தலைகீழ், வழுக்கல், ஒற்றைக் கோடு

மானிட்டருக்கு முன் ஓர் எச்சரிக்கை. பிக்சர் டியூபின் உறிஞ்சுகுமிழ் வயரில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும், அணைத்த பிறகும் சார்ஜ் தங்கியிருக்கும். டியூபின் கழுத்தோ மெல்லியது, ஸ்பேனர் பட்டால் போச்சு. கீழே சொல்பவற்றில் போர்டுப் பக்கம் செய்வதும், மானிட்டரின் வெளியே நீட்டிய திருகியைத் திருப்புவதும் மட்டும் உங்கள் வேலை.

### தலைகீழாகத் தெரிகிறது

டிப் சுவிட்சில் திரையைப் புரட்டும் அமைப்பு இருக்கும். இரண்டாம் ஆட்டக்காரர் முறை வரும்போது மட்டும் புரண்டால், போர்டு தன்னை மேசை வடிவ கேபினெட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்த சுவிட்சை நின்று ஆடும் வகைக்கு மாற்றுங்கள். கண்ணாடிப் பிம்பம் மாதிரி எழுத்துகள் இடவலமாக இருந்தால் அது டியூபின் சுருள் வயர் விவகாரம், ஆளைக் கூப்பிடுங்கள்.

### படம் வழுக்கிக்கொண்டே போகிறது, கிழிகிறது

ஒத்திசைவு வயர், ஜாமாவில் 'பி' முனை. அதையும் பக்கத்தில் 14இல் இருக்கும் வீடியோ கிரவுண்டையும் பாருங்கள். மானிட்டரில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஹோல்டு திருகியைக் கொஞ்சம் திருப்பலாம். இங்கே ஒரு சிக்கல் உண்டு: இந்த ஆட்டங்களுக்காக மானிட்டரைப் பக்கவாட்டில் சாய்த்து நிறுத்தியிருக்கிறார்கள். அதனால் "செங்குத்து" என்று எழுதிய திருகி உங்கள் கண்ணுக்கு இடவலத்தை மாற்றும். தலையைச் சாய்த்துக்கொண்டு யோசித்தால் சரியாக வரும்.

### நடுவில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு பளிச்சென்ற கோடு

உடனே அணையுங்கள். சாய்த்து வைத்த டியூபில் செங்குத்து விலக்கம் செத்தால் இப்படித்தான் தெரியும். விட்டு வைத்தால் அந்தக் கோடு டியூபில் நிரந்தரமாகப் பொசுங்கிவிடும். ஓரங்கள் சுருங்குவதும் வளைவதும் பெரும்பாலும் கெபாசிட்டர்கள் காய்ந்ததால். இரண்டுமே மானிட்டர் மெக்கானிக்குக்கு உரியவை, விட்டுவிடுங்கள்.

## பாதி ஆட்டத்தில் அணைந்து முதலிலிருந்து தொடங்குகிறது

நன்றாக ஆடிக்கொண்டிருப்பவனுக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. கூடவே ஆளுக்கொரு கதை சொல்வார்கள்: பாஸ் வரும்போதுதான் ஆகிறது, வெடிகுண்டு போட்டால்தான் ஆகிறது. கதையை விட்டு மீட்டரை எடுங்கள்.

போர்டில் ஒரு சாதாரண லாஜிக் சில்லில் 5 வோல்ட்டை அளக்க வேண்டும்: 14 கால் சில்லு என்றால் 14க்கும் 7க்கும் நடுவில், 16 கால் என்றால் 16க்கும் 8க்கும் நடுவில். பவர் சப்ளையில் அளந்து திருப்திப்படாதீர்கள். அங்கே 5.1 இருந்து, வயரிலும் கனெக்டரிலும் தேய்ந்து போர்டில் 4.7 மட்டும் மிஞ்சுவது ரொம்பச் சகஜம்.

போர்டில் 4.95க்கும் 5.1க்கும் நடுவில் இருந்தால் மின்னழுத்தம் சரி. 4.75க்குக் கீழே போனால் ரீசெட்டுக்குக் காரணம் அகப்பட்டது. சப்ளைக்கும் போர்டுக்கும் 0.2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் என்றால் கனெக்டரைச் சுத்தம் செய்யுங்கள். ஜாமாவில் 5 வோல்ட் 3, 4ஆம் இடங்களில் இரு பக்கமும் வரும், கிரவுண்டு 1, 2இலும் 27, 28இலும். இவற்றில் ஒன்றிரண்டு கறுத்துப் பொசுங்கியிருந்தால் மீதி முனைகள் அதன் சுமையையும் தூக்கிக்கொண்டு சூடாகும். அப்படிப்பட்ட கனெக்டரை மாற்றத்தான் வேண்டும்.

சப்ளையிலேயே குறைவு என்றால் அதிலிருக்கும் சிறு திருகியை மயிரிழையாகத் திருப்புங்கள், கண் போர்டில் வைத்த மீட்டரில் இருக்கட்டும். 5.2ஐத் தாண்ட விடாதீர்கள். கனெக்டர் அழுக்கைச் சரிசெய்யாமல் வோல்ட்டை மட்டும் ஏற்றிவிட்டு, பிறகு ஒருநாள் கனெக்டர் சரியாகப் பிடித்தவுடன் சில்லுகளைப் பறிகொடுத்த கதை எனக்கே உண்டு.

எண் சரியாக இருந்தும் ரீசெட் ஆனால், மீட்டரை ஏசியில் வைத்து அதே இடத்தில் அளங்கள். 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் பவர் சப்ளை கிழடு தட்டிவிட்டது. புதிதாக ஒன்று வாங்குவது, பழையதைத் தோண்டுவதைவிட மலிவு. புது சப்ளையிலும் அதே இடத்தில் அதே மாதிரி விழுந்தால் போர்டு, கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

## சத்தம் இல்லை, அல்லது உறுமல் மட்டும்

போர்டிலேயே ஒரு வால்யூம் திருகி இருக்கும். அதை இரு பக்கமும் நாலு தடவை சுழற்றினாலே பாதி சரியாகும். அப்புறம் 12 வோல்ட் (6ஆம் முனை) வருகிறதா என்று பாருங்கள். பல போர்டுகளில் ஆம்ப்ளிஃபையர் அதில்தான் ஓடுகிறது, ஆட்டம் ஓடும், சத்தம் இருக்காது. பிறகு ஸ்பீக்கர். உறுமல் என்றால் ஆம்ப் பக்கத்துக் கெபாசிட்டர்.

## காசு போட்டால் கிரெடிட் ஏறவில்லை

காசுச் சுவிட்சின் கம்பி வளைந்திருக்கும். நிமிர்த்துங்கள்.

## விமானம் இல்லை, எதிரிகள் துண்டு துண்டாக, பின்னணி மட்டும் அழகாக

பின்னணியையும் நகரும் உருவங்களையும் போர்டில் வெவ்வேறு பகுதிகள் வரைகின்றன. எது கெட்டிருக்கிறது என்பதை எழுதி வையுங்கள், அதுவே பாதி நோயறிதல்.

முதலில் மறுபடியும் 5 வோல்ட். சரியென்றால் அணைத்துவிட்டு, சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் சில்லுகளைக் கட்டை விரலால் ஒவ்வொன்றாக அமுக்குங்கள். வருஷக்கணக்கில் சூடாகிக் குளிர்ந்து அவை தானாகவே மேலே எழும்பியிருக்கும். போர்டு இரண்டு தட்டாக இருந்தால் இடையில் உள்ள பட்டை கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். ஜன்னல் வைத்த சில்லுகளின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரிக்காதீர்கள், வெளிச்சம் பட்டு உள்ளே இருப்பது அழியலாம்.

டெஸ்ட் மோடு இருந்தால் ஜாமாவில் 15ஆம் முனையைக் கிரவுண்டில் தொட்டு உள்ளே போய்ப் பாருங்கள். எந்த ராம், எந்த ரோம் (நினைவகச் சில்லுகள்) கெட்டது என்று அதுவே பெயரோடு சொன்னால் அந்தத் திரையைப் போட்டோ எடுங்கள். 19எக்ஸ்எக்ஸ் போன்ற கேப்காம் சிபிஎஸ்-2 பெட்டிகள் ஒருநாள் வெறும் ஒற்றை நிறத் திரையோடு நின்றால், உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்து, ஆட்டத்தின் பூட்டிய புரோகிராமைத் திறக்கும் சாவி (ஒரு ரகசியக் குறியீடு) அழிந்திருக்கும். அதை மீட்க வழி உண்டு, ஆனால் தெரிந்தவர் கைதான் வேண்டும்.

இதற்கு மேல் ஸ்குரூ டிரைவரைக் கீழே வையுங்கள். போர்டைச் சரிசெய்பவரிடம் கொடுக்கும்போது ஒரு துண்டுச் சீட்டில் இவற்றை எழுதிக் கூடவே ஒட்டுங்கள்: போர்டில் அளந்த வோல்ட் எவ்வளவு, குளிர்ந்திருக்கும்போது கெடுகிறதா அல்லது பத்து நிமிடம் கழித்தா, பின்னணியா உருவங்களா, டெஸ்ட் மோடு என்ன சொன்னது, எந்தச் சில்லை நீங்கள் கழற்றி மாட்டினீர்கள். கடைசி வரியை மறைக்கவே மறைக்காதீர்கள். கால் மடங்கிப் போன ஒரு சில்லைத் தேடி அவர் ஒரு நாளைத் தொலைத்தால், அந்த நாளுக்கான கூலியும் உங்கள் பில்லில்தான் வரும்.